ரயிலில் எழுதிய கட்டளை நிரல்

தங்கை மகன் நேற்று கணினியில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வைத்திருந்தான். ஓரத்தில் ஒரு குறி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் ‘ஷெல்’ எழுதச் சொன்னார்களாம். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி, அதற்குரிய வேலையை ஓடவிட்டு, முடிந்ததும் அடுத்ததைக் கேட்குமாம். எனக்கே விளக்கினான், பாவம். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் நினைப்பு வந்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்கப் பிடிப்பதில்லை எனக்கு.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் நாம் இருவரும் அட்டையில் துளை போடும் பஞ்ச் ஆபரேட்டர்கள். பழவேற்காட்டிலிருந்து மீன்கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் பொன்னேரி வருவாய். அங்கிருந்து இருவரும் ரயில். புதிதாக வந்த மினி கம்ப்யூட்டருக்குக் கட்டளை வாங்கும் நிரல் எழுதுகிறவருக்குப் புரோகிராமர் வேலை என்று மேலாளர் சொன்ன அன்று நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. அந்த வேலை கிடைத்தால் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று ஆசைப்பட்டாய்.

போகவர ரயிலில் ஆளுக்கொரு வேடம் போட்டுத்தான் எழுதினோம். நீ மிஷின், நான் வேலை. நீ ஒரு வேலையின் பேர் சொன்னால் நான் ரயில்பெட்டியின் கதவுவரை போய்த் திரும்ப வேண்டும். பார்த்தவர்கள் நமக்கு மறை கழன்றுவிட்டதென்றே நினைத்தார்கள். முதல்முறை நிஜமாக ஓட்டியபோது சம்பளப் பட்டியலுக்கு நடுவே ஸ்டோர் கணக்கும் கலந்து அச்சாகிக் காகிதமே குப்பையாயிற்று. நான் தலையில் கைவைத்தேன். நீ யோசித்துச் சொன்னாய்: “உன்ன அனுப்சிட்டு நான் சும்மா நிக்கலடீ, அடுத்தத கேட்டுக்கினு இருந்தேன். போனது திரும்பட்டும், அப்பால கேக்கலாம்.” காத்திருக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தாய். சரியாயிற்று.

அதிகாரிகள் முன்னால் ஒரு பிசகில்லாமல் ஓடியது. கைதட்டினார்கள். வேலையை மட்டும் வெளியிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். ராத்திரி ஷிஃப்டுக்குப் பெண்பிள்ளை சரிப்படாதாம். எழுதச் சொன்னபோது தெரியவில்லையா அந்தப் பாவிகளுக்கு? அந்த நிரலையே அழித்துவிட்டு வா என்று நான் குதித்தேன்.

“அது இன்னாடீ பண்ணுச்சு? சொன்ன வேலய ஒழுங்கா செய்யுது” என்றாய். மறுபடி அட்டைகளின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாய்.

அடுத்த தையில் கல்யாணம். தலைப்பிரசவத்தில் போய்விட்டாய். செய்தி வந்தபோது நான் கட்டளை அடிக்கும் டெலிடைப் மிஷின் முன்னால் இருந்தேன். உன் நிரல் அடுத்த கட்டளையைக் கேட்டு நின்றது. சம்பள நாள். பட்டியலை ஓட்டினேன், வேறென்ன செய்ய? எல்லோருக்கும் சரியாகவே வந்தது.

நீ கோபப்பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உன் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருஷமாக. இன்னும் ஆறவில்லையடி.