கொடி இல்லாத கம்பம்

ஆகஸ்ட் 13, புதன், இரவு

இன்று காலை பத்திரிகை ஆசிரியர் என் கார்ட்டூனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேசியக் கொடி கதரில் இருக்கவேண்டுமா, பாலியஸ்டரிலா என்று எங்கள் வார்டில் இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்வதைத்தான் வரைந்திருந்தேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கிறார்கள், கொடி நடுவில் கிழிகிறது.

"கேஸ் போட்டுருவாங்க அம்மணி. கொடியை எடுத்துப்போடு" என்றார்.

எடுத்துவிட்டேன். வேறு ஒரு கோட்டையும் தொடவில்லை. இப்போது இருவரும் வெறும் காற்றை இழுக்கிறார்கள். பின்னால் மொட்டைக் கம்பம் நிற்கிறது.

சாயங்காலம் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் அம்மணி, இது முன்னதைவிட மோசமா இருக்குது!"

"நீங்க சொன்னதைத்தானுங்க செஞ்சேன்."

"சரி, போடறேன். ஆனா உம்பேரு வேண்டாம். ஊட்டுக்கே வந்துருவானுங்க."

அவருக்கு என்மேல் அக்கறைதான். பகலில் அம்மா வீட்டில் தனியாக இருப்பாள். அதை நினைத்தால் எனக்கும்தான்...

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பெயர் போடாவிட்டால், திட்டிவிட்டு ஓடி ஒளிந்த மாதிரி இருக்கும். எப்போதும் வலது மூலையில் கையெழுத்துப் போடுவேன். மூலையை வெட்டினால் பெயர் போய்விடும். அதனால் கம்பத்தையே என் பெயரால் வரைந்தேன், அடியிலிருந்து உச்சிவரை எழுத்தெழுத்தாக. அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி என் பெயரை எடுக்கவேண்டுமென்றால் கொடிக்கம்பத்தைப் பிடுங்கவேண்டும். பிடுங்குகிறவன் வரட்டும், அவனையும் வரைகிறேன்.