காலியாக விட்ட இரண்டு வரிகள்

ஆல்டன்பாக் மடம்
1127, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

கிறிஸ்துவில் அன்புள்ள ரூத்மாருக்கு,

கெபெனோ எழுதுகிறேன். பத்தொன்பது வருடம் வாய் திறக்காதவன் எழுதினால் காரியம் இல்லாமல் இருக்காது என்று நினைப்பாய். காரியம்தான்.

மடாதிபதி என்னை எழுத்தறைத் தலைவனாக வைத்து, கைவினைகளைப் பற்றி ஒரு நூல் எழுதச் சொல்லியிருக்கிறார். சாயம் அரைப்பது முடிந்தது. கண்ணாடி ஊதுவது முடிந்தது. பொன்முலாம் மட்டும் நிற்கிறது. உனக்குத் தொழில் கற்றுத்தந்த ஆசான் எக்பெர்ட் போய்ச்சேர்ந்தபிறகு இங்கே அது தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்த ஒருவன் உன் சதுப்பு நிலத்தில் இருக்கிறான். நீ எழுதி அனுப்பினால் அதை அப்படியே நூலில் சேர்ப்பேன். உன் பெயர் வராது. என் பெயரும் வராது. மடத்தில் எழுதுகிறவனுக்குப் பெயர் ஏது?

அங்கே ஈரம் அதிகம் என்கிறார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடிதம் கொண்டுவரும் உப்பு வண்டிக்காரன் போப்போ நல்லவன். பேச்சுதான் கொஞ்சம் அதிகம்.

உன் சகோதரன்
கெபெனோ


மோர்ஃபெல்டு கிளை மடம்
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம்

மதிப்பிற்குரிய எழுத்தறைத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் முழங்காலைத் தாங்கள் இன்னும் மறக்காதது பெருமையாக இருக்கிறது.

நானும் சிலவற்றை மறக்கவில்லை. அந்தத் தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி, நோன்பு நாள். பட்டறைக் கதவுக்குப் பின்னால் நான் ரொட்டி தின்றதை ஒருவர் பார்த்தார். மறுநாள் காலை துறவிகள் எல்லோரும் கூடும் சபையில் எழுந்து, "ரூத்மார் ஒருசந்திய முறிச்சிட்டாரு, என் கண்ணால பாத்தேன்" என்றார். அந்தக் கண் தங்களுடையது. ஏன் தின்றேன் என்று நான் விளக்கினேன். மடாதிபதி, "ஏன்பா, பாதரசத்துக்கும் பசிக்குமோ?" என்று கேட்டார். சபை சிரித்தது. முதலில் சிரித்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே அறையில்தானே நாம் ஒன்பது வருடம் அடுத்தடுத்த பாயில் படுத்திருந்தோம்? அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

ஆறு மாதம் தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். பிறகு இங்கே அனுப்பினார்கள். திருப்பேழைகளுக்குப் பொன் பூசிய கை இப்போது ஓட்டைக் கொப்பரைகளுக்கு ஈயம் பூசுகிறது. தங்கள் நூலுக்கு அது வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

ரூத்மார்


ஆல்டன்பாக்
1128, மூவரசர் திருநாள்

அன்புள்ள ரூத்மார்,

நீ என்னைத் 'தாங்கள்' என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். அன்று நான் செய்தது விதிப்படி சரி. அதற்குமேல் எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்துபார்க்காத எதையும் இந்த நூலில் நான் எழுதுவதில்லை. கண்ணாடிக்காக என் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டேன். முலாமையும் நானே பூசிப் பார்ப்பேன். புனிதரின் எலும்புகளுக்கு வெள்ளிப் பேழை தயாராக இருக்கிறது. உயிர்ப்புத் திருநாளுக்குள் அது பொன்னாக வேண்டும். ஆகவே தவக்காலம் முழுவதும் எனக்கு அடுப்படி வாசம்.

எனக்காக வேண்டாம். நாளைக்கு இதைப் படித்து வேலை செய்யப்போகிறவர்களுக்காக எழுது.

கெபெனோ


மோர்ஃபெல்டு
மெழுகுதிரித் திருநாள்

எழுத்தறைத் தலைவர் அவர்களுக்கு,

எழுதிக்கொள்ளுங்கள்.

பொன்னை மெல்லிய தகடாக அடித்து, நகம் அளவுக்கு நறுக்குங்கள். மண் கிண்ணத்தைக் கரியில் சிவக்கக் காய்ச்சி, பொன்னைப் போட்டு, அதைப்போல் எட்டு மடங்கு பாதரசம் ஊற்றுங்கள். பொன் கரைந்ததும் தண்ணீரில் கொட்டி, மான்தோலில் கட்டிப் பிழியுங்கள். மிஞ்சிய பாதரசம் வழிந்துவிடும். தோலுக்குள் வெண்ணெய்போல் ஒன்று நிற்கும். அதுதான் முலாம்.

ஒயின் பீப்பாயின் அடியில் படியும் உப்பால் வெள்ளியைத் தேய்த்துக் கழுவுங்கள். அதன்மேல் அந்த வெண்ணெயைப் பூசி, தணலுக்கு மேல் பிடித்து, பன்றிமயிர்த் தூரிகையால் ஓயாமல் தட்டிப் பரப்புங்கள். பாதரசம் புகையாகப் போகும். வெள்ளை மஞ்சளாகும். ஒரு தடவை போதாது. மூன்று தடவை பூச வேண்டும். அவசரப்படுகிறவன் கையில் முலாம் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும்.

இவ்வளவுதான். இதற்குமேல் நான் சொல்லக்கூடியதைச் சபையில் ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாம் முறை சிரிப்பு வாங்க விருப்பமில்லை.

ரூத்மார்


ஆல்டன்பாக்
தவக்காலம், மூன்றாம் வாரம்

அன்புள்ள ரூத்மார்,

பேழையின் மூடி முடிந்துவிட்டது! வெள்ளை மஞ்சளாக மாறும் அந்தக் கணத்தை நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். நான் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறையில் தனியாக உரக்கக் கத்தினேன். இத்தனை வருடம் உன்னிடமிருந்து எதைப் பறித்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பக்கச் சுவர்கள் இரண்டு பாக்கி. உடம்பு மட்டும் கொஞ்சம் படுத்துகிறது. வாயில் எப்போதும் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு சுவை. ஈறில் இரத்தம். எழுத்து ஆடுவதைப் பார்த்திருப்பாய். அடுப்புச் சூட்டின் களைப்பாக இருக்கும். மாலைப் பூசைக்குப் பிறகு ஒருவேளைதான் சாப்பாடு, அதுவும் இறங்கவில்லை.

கெபெனோ


மோர்ஃபெல்டு
அதே வாரம், சனிக்கிழமை

கெபெனோ,

நிறுத்து. இதைப் படித்து முடிக்கும் முன் அடுப்பை அணை.

போப்போவிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். "கை அப்படி நடுங்குது சாமி, எழுத்து கோழி கெளறுன மாதிரி. ஒரு கோப்பை தண்ணி குடுத்தா பாதி சட்டையிலதான். பல்லு ஒண்ணு விழுந்திடுச்சுன்னு சமையக்கட்டுல பேசிக்கிட்டாங்க" என்றான். உன் கடிதத்தில் பல்லைப் பற்றி ஒன்றுமில்லையே?

வெறும் வயிற்றோடு அந்தப் புகையில் நிற்கக்கூடாது. தணலிடம் போகும் முன் ரொட்டி தின்ன வேண்டும், ஒயின் குடிக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், காற்று உன் முதுகுப்பக்கமிருந்து வர வேண்டும். ஆசான் எக்பெர்ட் தவக்காலத்திலும் தின்றார். நான் தின்றதும் அதற்குத்தான். இந்த வரியை உனக்கு எழுதாமல் வைத்துக்கொண்டேன். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான். என் ரொட்டியை எண்ணியவன் பட்டினியில் கொஞ்சம் தலை சுற்றட்டும் என்று நினைத்தேன். இதற்குமேல் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

தின்னு. சபையைப் பற்றிக் கவலைப்படாதே. போப்போ புறப்பட நிற்கிறான்.

ரூத்மார்


ஆல்டன்பாக்
குருத்து ஞாயிறு

ரூத்மார்,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு நாளைக்குச் சில வரிதான் வருகிறது.

உன் வரி எனக்குத் தெரியும். "வெறும் வயித்துல அந்தப் பொகைய இழுத்தா அது ஆளையே தின்னுடும்" என்று அன்று சபையில் நீ சொன்னது எனக்கு மனப்பாடம். நீ அனுப்பிய தாளில் அதைத் தேடினேன். இல்லை. நீ எதையும் மறக்கிற ஆள் இல்லையே. ஆகவே அதை உன் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டேன். சமையல்காரர் உட்டோ தினமும் காலையில், "ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிட்டுப் போங்களேன், செத்துத் தொலையப்போறீங்களா?" என்பார். "ஒருசந்தி அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

இதைப் பெரிய தவம் என்று நினைக்காதே. நான் தின்றிருந்தால், உன்னைக் காட்டிக்கொடுத்தது தவறு என்று சபை நடுவே ஒப்புக்கொண்டதாகும். அதற்கும் பயந்தேன். இரண்டில் எது உண்மையான காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

பேழை முடிந்தது. நூலும் முடிந்தது. முலாமைப் பற்றிய பக்கத்தில் இரண்டு வரி காலியாக விட்டு வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று அங்கே எழுதினேன்: பட்டினியோடு இதைச் செய்யாதே, தவக்காலமானாலும் முதலில் சாப்பிடு. நூல் முழுக்க நேர் எழுத்து, அந்த இரண்டு வரி மட்டும் கோணல். சுரண்டிவிட்டு வேறு கையால் எழுதலாம் என்றார்கள். விடவில்லை.

நேற்றுச் சபையிலும் அதை வாசிக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கெபெனோ


மோர்ஃபெல்டு
உயிர்ப்புத் திருநாளுக்குப் பின், வியாழன்

கெபெனோ,

எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் பெயரில் தீர்ப்பு எழுத உன்னிடம் யார் கேட்டார்கள்? பத்தொன்பது வருடம் குற்றவாளி நீ, நான் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாய்.

இன்று போப்போ வந்தான். "நான் கெளம்பறப்ப அங்க மணி அடிச்சிட்டு இருந்தாங்க சாமி" என்றான். "திருநாள் மணியாடா?" என்றேன். "மெதுவா, விட்டு விட்டு, சாவுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சாங்க. யாருக்குன்னு நான் கேக்கல" என்றான். அவன் வாயாடி. அவன் கேட்காமல் வந்தானாம்.

நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

இங்கே வெள்ளம் வடிந்துகொண்டிருக்கிறது. வண்டி நாளை மறுபடியும் உன் பக்கம் வருகிறது, இதைக் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுது. எழுத்து கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

ரூத்மார்