ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

அத்தை,

இன்று சேலத்திலிருந்து திரும்பும்போது மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. மேலிருந்து இறங்கிய லாரியின் பிரேக் தீய்ந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. என் மடியில் ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கிய வெள்ளைச் சுடிதார்த் துணி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. பக்கத்து சீட்டுப் பாட்டி, "ஏங் கண்ணு, வாந்தி வருதா?" என்று ஒரு கவரை நீட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அத்தை. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வளைவில்தான் நீங்கள் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். நான் பிறந்து இரண்டு நாள்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், அப்பா வெளியூரில். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் அடுத்த கதவு உங்களுடையது. எங்கள் இருவரையும் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். வழியில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. நான் நீலமாகிவிட்டேனாம். கையைக்கூடத் தூக்க முடியாத அம்மா, "ஞானஸ்நானம் இல்லாம போயிரக் கூடாது, நீயே தண்ணி ஊத்து" என்று அழுதிருக்கிறார். "நான் சேர்வராயனக் கும்பிடறவ அக்கா, நான் எப்பிடி?" என்று தயங்கினீர்கள். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அம்மா கோயில் பிரசங்கத்தில் கேட்டிருந்தார். டிரைவர் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனை நீட்டினார். அம்மா சொல்லச் சொல்ல, நீங்களும் சொல்லி என் தலையில் மூன்று முறை ஊற்றினீர்கள்.

இதை எனக்கு எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறீர்கள்! "பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு முடிக்கறதுக்குள்ள நீ கத்துன பாரு சாமி, டிரைவர் கேனைக் கீழ போட்டுட்டாரு!"

நான் பிழைத்தேன். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது. கோயிலில் அப்போதிருந்த உபதேசியார், இந்துப் பெண் ஊற்றியது செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். "ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானுங்க. என் புள்ளைக்குக் குடுத்தாச்சு" என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே சொன்னதால் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பெயர் ஏறவில்லை; பெயர் இல்லாமல் நற்கருணை கிடையாது. என் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போனபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று காப்பித் தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெஞ்சு மாறவில்லை.

ஞாயிறுதோறும் குழாயடியில் காத்திருப்பீர்கள்.

"இன்னைக்காச்சும் அந்த அப்பத்தைக் குடுத்தாங்களா கண்ணு?"

"இல்லைங்க அத்தை."

"நான் ஊத்துனது பத்தல போல."

முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். போன மழைக்காலம் படுக்கையில் விழுந்த பிறகு சிரிப்பில்லாமல் சொன்னீர்கள்: "என்னாலதான் நீ கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கற." போர்வையை இழுத்து உங்கள் காலை மூடிவிட்டேன். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

என்னோடு காப்பிப் பழம் பறிக்கும் ஜெயாவைத் தெரியுமே, அவள் போகும் சபையில் பெரியவர்களுக்கு மட்டும்தான் ஞானஸ்நானம். "கைக்கொழந்தைக்கு என்னடி தெரியும்? நீ கேட்டியா? நீ நம்புனியா? ஊத்துனவங்களாச்சும் நம்புனாங்களா?" என்று கேட்டாள். அவர்களோடு அடுத்த மாதம் ஓடையில் முழுகி ஞானஸ்நானம் எடுப்பதற்குச் சரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் அங்கே முழுகினால், நீங்கள் செய்தது வெறும் தண்ணீர் என்று நானே சொன்னதாகிவிடாதா?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையும் அந்த ஜீப் டிரைவரையும் புதிதாக வந்திருக்கும் ஃபாதரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன தண்ணிங்க?" என்று கேட்டார் ஃபாதர்.

"ரேடியேட்டருக்கு வெச்சிருந்ததுங்க."

"ஆயில் கீயில் கலந்திருந்துச்சா?"

"ஐயோ, ஊத்துத் தண்ணிங்க ஃபாதர்! நானே குடிப்பனுங்க."

சொன்ன வார்த்தைகளை அம்மா அப்படியே ஒப்பித்தார். ஃபாதர் தலையாட்டிவிட்டு, "ஊத்துனவங்க என்ன நெனச்சு ஊத்துனாங்க?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தார். டிரைவர் தலையைச் சொறிந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். படுக்கையில் கிடந்தபோது நீங்கள் சொன்னது.

நான் பேசினேன், அத்தை! நானேதான்!

"அத்தைக்கு அர்த்தம் தெரியாதுங்க ஃபாதர். 'இவங்க கோயில்ல எதுக்கு ஊத்துவாங்களோ, அதுக்குத்தான் நானும் ஊத்தறேன்'னு மனசுல சொல்லிட்டுத்தான் ஊத்துனாங்களாம்."

ஃபாதர் என்னையே பார்த்தார். "கோயில் செய்யறதையே செய்யணும்னு நெனச்சாப் போதும்மா, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். இது செல்லும். அன்னைக்கே செல்லுச்சு."

பெரிய பதிவேட்டை எடுத்து என் பெயரை எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் மேலே எல்லாம் கோயில் சாமியார்களின் பெயர்கள். அவற்றுக்குக் கீழே உங்கள் முழுப் பெயரை, எழுத்துக்கு எழுத்து என்னிடம் கேட்டு எழுதினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா சாமியார் ஆயிட்டாங்க!" என்றார். அம்மா அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். எனக்கோ அந்த அறையிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஜெயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இருந்தாலும் நீ கேக்கலையே" என்றாள்.

"கேக்கறதுக்கு எனக்கு மூச்சே இல்லையே ஜெயா. அதனாலதான் அவங்க எனக்காகச் செஞ்சாங்க."

அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தானே கேட்டு வாங்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது என்கிறாள், இருக்கலாம். அவள் முழுகும் நாளில் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் நிற்பேன். ஆனால் கேட்கத் தெரியாத நாளிலேயே ஒருவர் எனக்காகத் துணிந்ததை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஞாயிறன்று நற்கருணை வாங்குகிறேன். 'ஆமென்' என்று கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொல்லப் போகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஊற்றும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஃபாதரிடம் பிசகில்லாமல் கற்றுக்கொண்டேன். நம் லைனில் இப்போது இரண்டு பேர் நிறைமாதம், இரண்டும் எங்கள் கோயில் குடும்பங்கள். எல்லாம் நல்லபடியாகவே நடக்கும். அப்படி நடக்காமல் யாராவது என்னைக் கூப்பிட்டால், "நான் எப்பிடி?" என்று நானும் ஒரு தரம் கேட்பேன். கேட்டுவிட்டு ஊற்றுவேன்.