காபி டப்பாவைத் தேடாதீங்க

நவார் அப்பா,

நான் வாஷிங்டன் பஸ்ல கிளம்பிட்டேன். "சிரியா மேல குண்டு போடாதே"ன்னு எழுதின அட்டையும் என்னோடதான் வருது.

அடைச்ச கத்திரிக்காய் அடுப்பு மேல இருக்கு. என் மேல இருக்கிற கோவத்துல பட்டினி கிடக்காதீங்க, உங்களுக்கு வயித்துப்புண் இருக்கு.

சாயங்காலம் உங்க அண்ணன் ஷுக்ரி வருவார். என்னைத் திரும்பி வரச் சொல்லி உங்களை போன் பண்ண வைக்கத்தான் வர்றார். காபி குடுத்தா நம்ம ஊர் வழக்கப்படி குடிக்காம கீழ வைப்பார். கேட்டதுக்கு நீங்க சரின்னு சொன்னாத்தான் குடிப்பார். ஆறிப்போற காபியைப் பாத்தா நீங்க இளகிடுவீங்க. அதனால டப்பாவை ஒளிச்சு வச்சுட்டேன். டீ குடுங்க. டீயை வச்சு நம்ம ஊர்ல யாரும் எதையும் சாதிச்சதில்ல.

"அமெரிக்கா குண்டு போட்டாத்தான் அந்த ஆட்சி ஒழியும், உனக்கென்ன தெரியும்"னு நேத்து கத்துனீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்.

ஹய்ஃபா

சொல்ல மறந்துட்டேன். சிரியாவுல ஹோம்ஸ்ல இருந்து உங்கம்மா போன் பண்ணாங்க. குண்டு எந்தக் கிழமை போடுவாங்கன்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க. மொட்டை மாடியில மிளகாய் காயுதாம், அதுக்கு முன்னாடி எடுத்து உள்ள வைக்கணுமாம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க.