பனிமலையும் ஒரு சின்னத் திருகும்

அக்டோபர் 6, திங்கள்

கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். கண் பரிசோதிக்கும் நாற்காலி காலையிலிருந்து ஆறவே இல்லை. "இதுல தெளிவா? அதுல தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு வாய்க்கு அதுவே பழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டி எதை எடுத்துவைப்பது என்றார். "இதுவா... அதுவா... மறுபடி இது" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்தார். அதாவது மூக்கு வழியாகக் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டார். கல்யாணமான இந்த ஐந்து மாதத்தில், அதுதான் சிரிப்பு என்று கற்றுவைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் சட்டை எதற்கு என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை மலைக்குப் போறேன். வருஷா வருஷம் போறதுதான். நாலு நாள்."

சட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நீங்களும் வர்றீங்களா?"

இன்னும் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறார், ஏதோ கடைக்கு வந்த வாடிக்கையாளர் மாதிரி. மனசோடு கூப்பிட்டாரா, மரியாதைக்குக் கூப்பிட்டாரா? யோசிப்பதற்குள் "வர்றேனே" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதுமே மூளையைவிட வாய் ஒரு அடி முன்னால்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

அவருடைய மகள் போன் செய்தாள். வேறு ஊரில் வேலை. வாரம் ஒருமுறை பேசுவாள், நல்ல பெண்.

"சித்தி, நிஜமாவா? அப்பா உங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறாரா? அம்மா இருந்தப்பவே தனியாத்தானே போவாரு!"

"அப்படியாம்மா?"

"கேமராவை மட்டும் தொட்டுடாதீங்க. சின்ன வயசுல நான் ஒரு தடவை தொட்டுட்டேன். ரெண்டு நாள் பேசல மனுஷன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

முன்னறை அலமாரியில் அவர் எடுத்த படங்கள் ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. மலை, ஏரி, பாறை, பனி. ஒன்றிலும் மனித வாடை கிடையாது. ஆட்கள் நகர்ந்து போகும்வரை காத்திருந்து எடுப்பாராம். அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துதான் தினமும் காபி குடிக்கிறேன். அவராகப் பார்த்துக் கட்டிக்கொண்டதுதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் — நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டு, ஒருவருடைய அமைதிக்கு நடுவில் போய் சட்டமாக உட்கார்ந்துகொண்டேனோ? நான் எப்போது நகர்வேன் என்று காத்திருக்கிறாரோ? பயமாகத்தான் இருக்கிறது. இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே சொல்வது.

அக்டோபர் 8, புதன்

என் பையில் துணி. அவர் பையில் லென்ஸ். பல் துலக்கும் பிரஷ் இரண்டு பேருக்கும் நான்தான் எடுத்துவைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கியபோது குளிர் பளாரென்று அறைந்தது. மரத்தாலான ஒரு சின்ன அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, கதவுக்குப் பின்னால் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அறிவிப்பு. பத்து நிமிடம் நடந்தால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் மலை.

நான் வழியெல்லாம் பேசவில்லை. சத்தியமாக! பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டபோது ஒன்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. விழுங்கிவிட்டேன். இந்த நான்கு நாளும் அவர் அமைதியைக் கெடுப்பதில்லை என்று முடிவு.

அதிசயமாக அவர் பேசினார். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் அந்தச் சிகரத்தின் நுனி மட்டும் சிவக்குமாம். அப்படியே இறங்கி இறங்கி மொத்த மலையும் ஏரியில் தலைகீழாகத் தெரியுமாம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்காது. அதைப் படம் பிடிக்கத்தான் நான்கு வருடமாக இங்கே வருகிறார். நான்கு வருடமும் மேகம்.

"நாளைக்கு வானம் சுத்தமா இருக்கும்னு வனக்காவலர் சொல்றாரு" என்றார். முகம் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் நாளைக்கு நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்து ட்ரைபாடை நிறுத்திக் கேமராவை மாட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். திரும்பிப் பார்த்து, "பாக்கறீங்களா?" என்றார்.

மகளைக்கூடத் தொடவிடாத கேமரா! கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தேன். எல்லாம் கலங்கலாக இருந்தது. கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டித் திருகு இருந்தது. லேசாகத் திருப்பினேன், மலை நேராக வந்து மூக்கில் இடித்தது. அதன் பனிக்கோடு, பாறை வெடிப்பு, ஒற்றைப் பறவை எல்லாம். "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கத்திவிட்டேன். விரதம் கலைந்தது. அவர் மூக்கால் சிரித்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை:

ஒரு துண்டு மேகம் இல்லை! நான் பாறைமேல் பிளாஸ்கை அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பழைய லென்ஸைத்தான் போட்டிருந்தார். அதில் எல்லாமே கையால் திருகித்தான் தெளிவாக்க வேண்டுமாம். "ச்சே, கண்ணாடில பனி படியுது" என்று துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நுனி சிவந்தது. சொன்னபடியே இறங்கியது. ஏரிக்குள் இன்னொரு மலை பற்றிக்கொண்டது.

முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் ஐஸ் கட்டி. நான் இந்தக் காலையை மறக்கமாட்டேன்.

மாலை:

மறக்கமாட்டேன் என்று எழுதியது எவ்வளவு உண்மை.

அறைக்கு வந்து படங்களை லேப்டாப்பில் போட்டார். ஒன்றுகூடத் தெளிவில்லை. கேமராவின் குட்டித் திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. பெரிதாகப் பார்த்தால் எல்லாமே சோப்பு நுரை. கடைசிப் படம் வரை போனார், மறுபடி முதலிலிருந்து வந்தார். லேப்டாப்பை மூடினார்.

"கண்ணு போச்சு" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"அப்பாவுக்கும் இந்த வயசுலதான் போக ஆரம்பிச்சது. காலைல உள்ள பாத்தா எல்லாம் மங்கலாத்தான் இருந்தது. பனின்னு நினைச்சேன். பனி இல்ல." கேமராவை மேசையில் தள்ளிவைத்துவிட்டு, "ஊருக்குப் போனதும் கேமராவைப் பொண்ணுகிட்ட குடுத்துடறேன். இனிமே எதுக்கு" என்றார்.

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தொழில்தான் எனக்குக் கைகொடுத்தது. அவரைக் கட்டிலோரம் நிற்கவைத்து, ஒரு கண்ணைச் சூப் கிண்ணத்தால் மூடி, கதவுக்குப் பின்னால் இருந்த தீ அறிவிப்பைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரியில், அச்சகத்தின் பெயர் வரை படித்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றேன். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அப்படியானால் வேறு எதில் கோளாறு? கேமராவை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே விறகு, விறகின் வளையம் — எல்லாம் கண்ணாடி போட்ட மாதிரி பளிச்சென்று.

கண்ணாடி போட்ட மாதிரி.

என் பவர்.

ஐயோ நான்தான். நேத்து நான்தானே அந்தத் திருகைத் திருப்பினேன்! பாக்கறவங்க கண் பவருக்கு ஏத்த மாதிரி உள்ள தெரியற காட்சியை மாத்தற திருகு அது. கடைல நாள் பூரா திருகற கை, சும்மா இருக்குமா? என் கண்ணுக்குச் சரிபண்ணி வெச்சுட்டு அப்படியே வந்துட்டேன். இருபது வயசா இருந்தா கண்ணே எப்படியோ சமாளிச்சிருக்கும். அம்பத்தஞ்சு வயசுக் கண்ணு எப்படிச் சமாளிக்கும், உள்ள மங்கலாத் தெரிஞ்சா லென்ஸை எப்படிச் சரியாத் திருகும்? நாலு வருஷம் காத்திருந்த மனுஷனுக்கு இதையா பண்ணுவேன்?

இப்போது சத்தமில்லாமல் பழையபடி திருப்பி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளைக் காலையில் தெளிவாகத் தெரியும். பனிதான் என்று அவரே முடிவுசெய்துகொள்வார். கை திருகு வரை போனது. ஆனால் கண்ணாடியில் எப்போது ஆவி படிந்தாலும் அப்பாவை நினைத்து நடுங்குவாரே? அந்தப் பயம் கூடவே இருக்குமே?

வேண்டாம். சொல்லத்தான் வேண்டும். சொன்னால், இனி எந்த மலைக்கும் என்னைக் கூப்பிடமாட்டார்.

அக்டோபர் 11, சனி

சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. "இன்னைக்கு வேணாம், நீங்க வேணா போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நடுவில் அழுகை வேறு.

எழுந்து உட்கார்ந்தார். கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார். திருகை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"வாங்கின அன்னைக்கு ஒரு தடவை திருப்பினது. இப்படி ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

அவ்வளவுதான். கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஸ்வெட்டர்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். ரெண்டு நாள் பேசல மனுஷன் — மகள் சொன்னது காதில் ஒலித்தது. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கட்டும், ஜன்னி கண்டுவிடக் கூடாதே என்று ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண் ஈரமாக இருந்தது.

"அப்போ, என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"பருந்துக் கண்ணுங்க உங்களுக்கு."

"நிஜமா சொல்லு."

"என் வேலை மேல சத்தியமா."

ஸ்வெட்டருக்குள் தலையை விட்டார். தலை வெளியே வருவதற்குள் சிரிப்புச் சத்தம் வந்துவிட்டது. மூக்குச் சிரிப்பு இல்லை. வாய்விட்ட சிரிப்பு. மரத்திலிருந்து ஏதோ ஒரு பறவை பயந்து பறந்தது.

"நாலு வருஷம் மேகம் கெடுத்துச்சு. அஞ்சாவது வருஷம் பொண்டாட்டி!"

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவரே என்னைக் குவியல்மேல் உட்காரவைத்தார்.

"அது சரி, நீ ஏன் வந்ததுலேர்ந்து வாயே திறக்கல? உடம்புக்கு முடியலையோன்னு கவலையா இருந்தது."

"உங்க அமைதி கெட்டுடுமேன்னு..."

"அமைதியா?" என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை ஆச்சரியம். "பேச ஆளில்லாம இருந்தேன். அதுக்குப் பேரு அமைதியா?"

"அம்மா இருந்தப்பவே தனியாத்தான் போவாருன்னு உங்க பொண்ணு சொன்னாளே."

"அவங்கம்மாவுக்குக் குளிர் ஆகாது. கூப்பிடாத வருஷம் கிடையாது."

ஏரிப்பக்கம் திரும்பினால் மலையே இல்லை. வெள்ளை வெளேரென்று மேகம். இரண்டு பேரும் போய் அந்த மேகத்தைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்க் டீயையும் குடித்து முடித்தோம். நான் பேசினேன். அந்தக் குறட்டைக்காரரிலிருந்து ஆரம்பித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மேகம் விலகவே இல்லை. புறப்படுவதற்கு முன் கேமராவை என் கையில் கொடுத்து ஒன்று எடு என்றார். எடுத்தேன். முழு வெள்ளை.

"இதுல மலை எங்க?"

"உள்ள இருக்கு. வெளிய வந்ததும் சொல்லி அனுப்பும்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். குறட்டை விடுகிறார் இவரும்.

அக்டோபர் 15, புதன்

மகள் போனில்: "சித்தி, ஏதோ மங்கலான மலைப் படத்தைப் பெருசாப் பிரிண்ட் போட்டு முன்னறைல மாட்டியிருக்காராமே? அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

உங்கப்பாவையே கேள் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

குளியலறை அலமாரியில் இருந்த என் சிவப்பு நகப்பூச்சைக் காணோம். அவரைக் கேட்டால், "எனக்கு எதுக்கு அது?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். முன்னறையைத் துடைக்கப் போனால், எப்போதும் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் கேமரா ஜன்னலோர மேசையில் இருந்தது. பக்கத்தில் என் நகப்பூச்சு.

எடுத்துப் பார்த்தேன். அந்தக் குட்டித் திருகின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறார். ஒன்று வெள்ளை. எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மையால் வைத்தது. இன்னொன்று சிவப்பு. திருகு வெள்ளையில் நின்றிருந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தேன். கலங்கல். சிவப்புக்குத் திருப்பினேன். எதிர்வீட்டு மாடி, துணி காயும் கொடி, கொடியில் ஒவ்வொரு கிளிப்பும் தெரிந்தது. அரை மயிரிழை பிசகில்லை. என் பவரை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. நான் தூங்கும்போது என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருப்பார். கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

தெருமுனையில் அவர் திரும்பினார். முடியை ஒட்ட வெட்டிக் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. ஒரு கையில் ரொட்டிப் பை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். தெரு காலியாகும்வரை நான் காத்திருக்கவில்லை. அவர் நடுவில் வரும்வரை காத்திருந்து அழுத்தினேன்.

பிறகு திருகை வெள்ளைக்குத் திருப்பி வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனேன்.