ரெண்டு தரம் தீட்டுன அரிசி

மச்சான்,

புள்ளயத் தூக்கிக்கிட்டு சிதம்பரத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வீட்டு ராசம்மாக்கா கிட்ட இருக்கு. உங்களுக்குச் சோறு வடிச்சு மூடி வச்சிருக்கேன். மல்லியப்பூ மாதிரி வெள்ளையா இருக்கு, ஆசை தீரத் தின்னுங்க.

புள்ள பொறந்த நாள்லேருந்து எனக்குக் கீரை ஆகாது, பருப்பு ஆகாது, புழுங்கலரிசி ஆகாதுன்னீங்க. ரெண்டு தரம் தீட்டுன பச்சரிசிச் சோறும் மொளகு ரசமும்தான் பத்தியம். காலு மரத்துப் போவுதுன்னேன். "வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா"ன்னு உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்க. அடுப்படியில இருந்தா காது கேக்காதா?

நேத்து டாக்டரம்மா சொன்னாங்க. சோத்த உடம்புக்குப் பலமா மாத்துற வைட்டமின் அரிசி மேல ஒட்டியிருக்குற தவிட்டுலதான் இருக்காம். அதத் தீட்டி எடுத்துட்டா எவ்ளோ தின்னாலும் நரம்பு தளந்துடுமாம். என் பால்லயும் அந்தச் சத்து இல்லியாம். புள்ள ஏன் கொரலே எழும்பாம அழுவுதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. மாத்திரை குடுத்திருக்காங்க. எங்கண்ணி கைக்குத்தல் அரிசி பொங்கிப் போடுவாங்க.

மில்லுக்கு நெல்லு மூட்டை ஏத்த காத்தவராயன் வண்டியோட வருவான். ஒரு தீட்டு போதும்னு அவன்கிட்ட சொல்லுங்க. சொல்ல மாட்டீங்கன்னா எங்களக் கூப்புட வராதீங்க.

ருக்கையா

இன்னொண்ணு. நீங்க சொல்லி வச்சபடியே தவிட்டையும் வடிச்ச கஞ்சியையும் கலந்து மாட்டுக்கு வச்சிட்டேன். அந்த மாட்டுப் பாலக் குடிக்கிற கன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி கத்துது.