வாய்மொழி உத்தரவு

ஜூலை 26, சனி

இன்று சொல்லாதது: "ஏப்ரலில் நீங்கள் போனில் சொன்னது எனக்கும் கேட்டது, சார்."

மேற்கே மலை தெரியவில்லை. முழுக்க மேகம். ஊருக்குள் சாரல் இல்லை, ஆடிக்காற்று மட்டும். என் துப்பட்டா பக்கத்து வீட்டு மாடிக் கம்பியில்.

பதினோரு மணிவாக்கில் தாசில்தார் வந்தார். ஜீப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து. அப்பாவை விட வெகு இளையவர். அப்பாவை ‘அண்ணே’ என்பார், அப்பா அவரை ‘ஐயா’ என்பார். வருகிற வியாழன் அப்பா ஓய்வு பெறுகிறார், வருவாய் ஆய்வாளராக. வாழ்த்த வந்திருக்கிறார் என்று அம்மா கேசரி கிண்டப் போனாள்.

வந்தது கண்மாய் விஷயமாக. வண்டல் மண் அள்ள விவசாயிகள் பெயரில் அனுமதி. அதற்கு முன் ஆர்.ஐ., அதாவது அப்பா, நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். அப்பா தந்தார். பார்க்காமல் தந்தார். வண்டல் தீர்ந்தும் விடாமல் கிராவல் வரை தோண்டி ஏற்றிப்போனார்கள். கோடைமழையில் பள்ளம் நிறைந்துவிட்டது. குளிக்க இறங்கிய ஓர் ஆள் மேலே வரவில்லை.

ஏப்ரலில் அந்த போன் வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையெல்லாம் சோறு. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். தாசில்தார் குரல்: "பார்த்ததா எழுதிருங்கண்ணே. மேலேருந்து நெருக்குதாங்க. நேர்ல பொறவு போய்க்கிடலாம்."

இன்று அதே குரல்: "நீங்க பார்த்தேன்னு எழுதுனீங்க. அதை நம்பித்தானண்ணே நான் கையெழுத்துப் போட்டேன்."

காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா "ஆமாங்கய்யா" என்றார். நான் கேசரித் தட்டோடு நின்றேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கேசரி நன்றாக இருந்ததாம். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

என் முனைவர் பட்ட ஆய்வேடு, நாலாம் அத்தியாயம். பத்து வரி. அதிலும் ஆறு அடித்தாயிற்று.

தென்கடலில் ஒரு தீவு. போன நூற்றாண்டுக்கும் முந்தியது. தங்கம் கிடைத்ததும் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்கள், மாகாண அரசாங்கம் என்று ஒன்று அவசர அவசரமாக முளைக்கிறது. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு வார்டன். நீதிபதி அவன்தான், பத்திரப் பதிவும் அவன்தான், பிணம் பார்ப்பதும் அவன்தான். அப்படி ஒரு வார்டன் எழுதிவைத்த கடிதங்களும் அறிக்கைகளும்தான் என் ஆய்வு. வார்டன் என்றதும் அம்மா ஹாஸ்டல் வார்டனை நினைத்துக்கொள்கிறாள். ஒரு வகையில் சரிதான்.

மாமா வந்திருந்தார், வியாழக்கிழமை விழாவுக்கு வேன் பேச. அம்மாவின் தம்பி, ராணுவத்தில் இருந்து வந்தவர். என் மேஜையைப் பார்த்து, "அஞ்சு வருசமா தங்கத்தை ஆராய்ச்சி பண்ணுதா. எம்புட்டுப் பவுனு தேறும்னு கேளுக்கா" என்றார். அம்மா சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

ஆடியில் விழா வைக்கலாமா என்று ஒரு விவாதம். பிறந்த தேதி ஆடியில் கொண்டுவந்து விட்டதற்கு யார் என்ன செய்ய.

பயம் ஒன்று உண்டு, யாரும் வாயால் சொல்வதில்லை. இந்த உத்தியோகத்தில் கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் உத்தரவு வரலாம். ‘ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை.’ வந்தால் சஸ்பெண்ட். வேலையும் கிடையாது, ஓய்வும் கிடையாது. விசாரணை முடிகிறவரை பென்ஷன் முடக்கம். சிலருக்கு முடிந்ததே இல்லை.

வாங்க: பேனா ரீபில், அம்மாவுக்குத் தைலம், அப்பாவின் வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு.

ஜூலை 28, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர். உள்ளூர் விடுமுறை, அப்பாவுக்கு மட்டும் டூட்டி. விடியுமுன்னே கிளம்பிவிட்டார்.

நானும் பத்து மணி பஸ்ஸில் போனேன், செல்வியைப் பார்க்க. கல்லூரியில் என் பெஞ்ச். இப்போது அங்கே ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். ரத வீதியில் நிற்க இடமில்லை. தேருக்கு வெகு முன்னால், வெயிலில், அப்பா கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்களை ஓரம் தள்ளிக்கொண்டு போனார். சந்தோஷமாக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

செல்வி பால்கோவா வாங்கித் தந்துவிட்டுச் சொன்னாள். அப்பா பைல் அவள் ஆபீஸ் வழியாகத்தான் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமையே. தாசில்தாரின் குறிப்போடு: நேரில் பார்க்காமல் பொய்யறிக்கை தந்து தன்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்.

அப்படியென்றால் மேலே எழுதி அனுப்பிவிட்டு மறுநாள் வந்து கேசரி சாப்பிட்டிருக்கிறார்.

"நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சிறக் கூடாதுடி," செல்வி. சரி என்றேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில், அப்பா தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. என் வார்டனைப் பற்றிச் சொன்னேன். மேலதிகாரி குதிரையில் வந்து வாயால் எதைச் சொல்லிப் போனாலும், அன்றைக்கே அவருக்கு எழுதிவிடுவான்: ‘இன்று தாங்கள் என்னிடம் சொன்னபடி...’ ஒரு தடவையும் விட்டதில்லை. நீங்கள் ஏன் அப்படி எழுதவில்லை?

"எழுதுனா மறுநாளே மாத்திருவாங்க பாப்பா. ஒன் வார்டன் குதிரைக் காலத்து ஆளு. எனக்கு ஒன் காலேஜ் பீஸு இருந்துச்சு."

விசாரணையில் நான் வந்து சொல்கிறேன் என்றேன். ஸ்பீக்கரில் கேட்டேன் என்று.

அப்பா தொட்டி மூடியைச் சரியாகப் பொருத்தினார்.

"சொல்லு. நான் அங்க போகவே இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லுவல்லா?"

இறங்கிப் போய்விட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் தாசில்தார் ஒருவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். வார்டன், ஆற்றில் செத்துக் கிடந்த ஒரு சீனத் தொழிலாளியைப் பார்க்க இரண்டு நாள் பனியில் போனவன். போய், அறிக்கையில் ‘ஒரு சீனன், மூழ்கினான்’ என்று மட்டும் எழுதினான். பெயர் கேட்கவில்லை. அதைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகச் சூடாக எழுதியிருக்கிறேன். கண்மாயில் செத்தவர் பெயர் எனக்கும் தெரியாது.

சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டேன். மாரிச்சாமி. கொத்தனார். மகள் பிளஸ் டூ. துக்கத்துக்குப் போய்த் தெருவில் நின்றுவிட்டு, வீட்டுக்குள் நுழையாமலே திரும்பியிருக்கிறார் அப்பா. அம்மாவுக்கு அது இப்போதுதான் தெரிந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

ஜூலை 30, புதன்

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை, படிக்கவில்லை. ஒரு ரஷ்ய நாவலை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு குமாஸ்தா. மூடி வைத்துவிட்டேன்.

ஆபீசில் எல்லாரும் சேர்ந்து மோதிரம் வாங்கியிருக்கிறார்களாம், அளவு கேட்டு ஆள் வந்தது. அம்மா நூலால் அப்பா விரலை அளந்தாள். அவர் கையை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தார்.

அம்மா என்னிடம் தனியாக: "அவிய வாயத் தொறக்க மாட்டாக. நீயும் தொறக்காத. நாளைக்குச் சாயங்காலம் தாண்டிருச்சுன்னா போதும்."

ஜூலை 31, வியாழன்

காற்று. பந்தல் துணி படபடவென்று.

நாலு மணிக்கு ஆபீஸ் கூட்ட அறை. தாசில்தார் வரவில்லை, விருதுநகரில் மீட்டிங். மாலை, சால்வை, மோதிரம். மிக்சர், வாழைப்பழம். முதல் வரிசையில் அம்மா பட்டுப்புடவையில். மாமா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினார்.

சங்கச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார், அப்பாவின் நேர்மை பற்றி. அப்போது ஜீப் டிரைவர் பக்கக் கதவு வழியாக வந்தார், கையில் கவர். மேடையில் ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அப்பா பார்த்துவிட்டார். தானே எழுந்து இறங்கி வந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வாங்கினார். படித்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நேரமும் போட்டார். பேனாவை டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

செயலாளர் இதொன்றையும் கவனிக்காமல், "இப்படி ஒரு களங்கமில்லாத ஊழியரை..." மைக்கில். யாரோ போய் அவர் சட்டையை இழுத்தார்கள்.

டிரைவர் அழுதார். அப்பா அவர் தோளில் தட்டினார்.

வேனில், காந்தி சிலை தாண்டியதும் அம்மா கேட்டாள்: "மோதிரத்தைத் திருப்பிக் குடுக்கணுமாங்க?"

ஆகஸ்ட் 4, திங்கள்

லேசான தூறல். சஸ்பெண்ட் உத்தரவுப்படி அனுமதி இல்லாமல் ஊரை விட்டு வெளியே போகக்கூடாது. காசிக்குப் போட்டிருந்த டிக்கெட் ரத்து.

என் மாகாணத்தையும் கடைசியில் கலைத்துவிட்டார்கள். தங்கம் குறைந்தது, கடன் ஏறியது. தலைநகரத்தில் ஒரு சட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வார்டன் கொஞ்ச காலம் அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான், இல்லாத ஆபீசுக்கு. போன மாதம் இதைப் படித்தபோது சிரித்தேன்.

தெருவில் விசாரிப்புகள். பால்காரர் கூட.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாமா தாசில்தாரைப் போய்ப் பார்த்திருக்கிறார். யாரையும் கேட்காமல்.

சேதி இது: அப்பா தன் தவறு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், சின்னத் தண்டனையோடு ஒரு வருடத்தில் முடித்துத் தருவாராம். அவர் பெயரை இழுத்தால் கோர்ட்டு, அது இது என்று பத்து வருடம்.

"அதுவரைக்கும் மச்சான் இருக்கணும்லா," என்றார் மாமா. அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

நான் கத்தினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன். அந்த ஆள்தானே போட்டுக் கொடுத்தான், அவன் முடித்துத் தருவானா என்று. அப்பா கையை உயர்த்தினார்.

"நான் போகலை. அது நெசம். அவர் சொன்னாரு. அதுவும் நெசம். ஒரு நெசத்தை எழுதினா ஒங்கம்மா சாப்பிடலாம். ரெண்டையும் எழுதினா என்ன கிடைக்கும், சொல்லு."

என்னிடம் பதில் இருந்தது. மாரிச்சாமியின் மகளுக்கு முழு உண்மையும் கிடைக்கும் என்பது அந்தப் பதில். சொல்லவில்லை. அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

குற்றச்சாட்டுக்கு அப்பா விளக்கம் தரக் கடைசி நாள். அப்பா சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்தேன்.

‘மேற்படி கண்மாயை நேரில் பார்வையிடாமல் அறிக்கை அளித்தது முற்றிலும் எனது கவனக்குறைவே. இதில் மேலதிகாரிகள் எவருடைய வாய்மொழி அறிவுறுத்தலும் இல்லை.’

இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டேன். காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா மறுபடி சொன்னார், இன்னும் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. அடித்தேன். மூன்று பிரதி எடுத்தேன். மாமா பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மதியம் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டார்.